கணக்கில் வரும் பஸ்

முப்பத்திரண்டு நிமிடம் என்று எழுதிவிட்டு அவன் சாக்பீஸைக் கீழே வைத்தான்.

அவள் தையல் மிஷினை நிறுத்தினாள்.

துணி வெட்டும் மேசை முழுக்க அவன் கையெழுத்துதான். ரவிக்கைக்கு அளவு போடுகிற சாக்பீஸில் இன்றைக்குக் கிலோமீட்டரும் மணியும். ஞாயிற்றுக்கிழமை, கடைக்கு ஆள் வராது. அவன் ஓட்டும் மினி பஸ்ஸுக்கும் லீவு.

கணக்கை இன்னொரு தடவை சத்தமாக வாசித்தாள். ஒரு பேருந்து மணிக்கு 40 கிலோமீட்டர் என்ற சீரான திசைவேகத்தில் செல்கிறது. 20 கிலோமீட்டர் செல்ல எவ்வளவு நேரமாகும்?

அரை மணி நேரம். பச்சைப் பிள்ளை சொல்லும்.

கட்டின புருஷன் சொல்ல மாட்டேன் என்கிறான்.

விடிந்தால் பரீட்சை. பத்தாம் வகுப்பு அறிவியல், மூன்றாவது தடவை. மற்ற பாடங்களில் எப்படியோ கரையேறிவிட்டான். இது ஒன்றுதான் காலை வாருகிறது. இதையும் தாண்டிவிட்டால் அரசு பஸ் டிரைவர் வேலைக்கு மனு போடலாம். அதற்கும் வயது இந்த வருடத்தோடு சரி.

வேலை கிடைத்தால் எந்த ஊர் ரூட்டில் போடுவார்களோ. சென்னையோ பெங்களூரோ, இந்த ரோட்டில் அவன் வண்டி வராது. அதை இருவரும் பேசிக்கொள்வதில்லை.

அவள் பன்னிரண்டாம் வகுப்பு பாஸ். அந்தக் கெத்து கொஞ்சம் உண்டு. ஒரு மாதமாக அவனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறாள்.

முதல் வாரம் மூன்று மணி நேரக் கணக்குக்கு நாலு மணி நேரம் எழுதினான். கேட்டால் நடுவில் டீ என்றான். டீயை நிறுத்தினாள். அடுத்து ரயில்வே கேட். அதையும் திறந்துவிட்டாள். அப்புறம் சந்தைக் கூட்டம், ஆட்டு மந்தை, சில்லறைக்காகச் சண்டை போடுகிறவர்கள். ஒவ்வொன்றாக ரோட்டை விட்டு விரட்டினாள். கணக்கில் வரும் பஸ்ஸில் யாரும் ஏற மாட்டார்கள், இறங்கவும் மாட்டார்கள் என்று தலையில் அடித்துக்கொண்டு சொன்னாள்.

"ஆளே ஏறாம அந்த பஸ் எதுக்குட்டி போகுது?" என்று அவன் உண்மையாகவே வருத்தப்பட்டான்.

எல்லாம் ஒழிந்துபோய், கடைசியில் இந்த இரண்டு நிமிடம் மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. எந்தக் கணக்கைக் கொடுத்தாலும் விடையோடு இரண்டு நிமிடம் கூட வந்துவிடுகிறது.

வகுத்ததில் தப்போ என்று மேசை மேல் குனிந்து பார்த்தாள்.

தப்பில்லை. முதலில் முப்பது என்றுதான் போட்டிருக்கிறான். அதைக் கட்டைவிரலால் அழித்துவிட்டு, மேலேயே முப்பத்திரண்டு.

அவளுக்குச் சுர்ரென்று வந்தது.

"தெரிஞ்சேதான் போட்டிருக்கீங்க. இந்த ரெண்டு நிமிஷம் எங்க இருந்து வந்துச்சு?"

அவன் வாசல் பக்கம் பார்த்தான். வெயிலில் ரோடு வெறிச்சென்று கிடந்தது.

கடைக்கு நேர் எதிரே முன்பு ஒரு வேகத்தடை இருந்தது. புது ரோடு போட்டபோது அதைச் சுரண்டி எடுத்துவிட்டார்கள். வருடம் ஒன்றாகிறது. அவன் பஸ் மட்டும் இன்னும் அந்த இடத்தில் பிரேக் போட்டு, ஊர்ந்து, ஒரு ஆரன் அடித்துவிட்டுத்தான் போகும். கண்டக்டர் கேலி செய்து செய்து ஓய்ந்துவிட்டார். பழக்கதோஷம் என்று அவளும் விட்டுவிட்டாள்.

"ஒன் கடையத் தாண்டணும்லா" என்றான்.

அவள் ஊசியில் நூல் கோக்கப் பார்த்தாள். ஏற்கெனவே கோத்துத்தான் இருந்தது.

இந்த மனுஷனை என்ன செய்வது? திட்டத்தான் வாயெடுத்தாள்.

எழுந்து வந்து முப்பத்திரண்டை முந்தானையால் துடைத்தாள். சாக்பீஸை அவன் கையில் திணித்தாள்.

"நாளைக்கு ஒருநாள் மட்டும் நிக்காமப் போயிருங்க."

அவன் ரொம்ப நேரம் யோசித்தான். பிறகு முப்பது என்று எழுதினான்.

மறுநாள் காலை பஸ் வழக்கமான நேரத்துக்கு வந்தது. ஓட்டியது அவனுக்குப் பதிலாக வந்த ஆக்டிங் டிரைவர். இவன் பரீட்சைக்குப் போகிறவனாக, சலவைச் சட்டையும் நெற்றியில் திருநீறுமாக, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான்.

அவள் மிஷினை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்து நின்றாள்.

பஸ் பிரேக் போடவில்லை. ஆரன் இல்லை. அவன் முகம் நேரே முன்னால் இருந்தது. உதடு மட்டும் எதையோ மனப்பாடம் பண்ணிக்கொண்டிருந்தது. கடைப்பக்கம் அவன் திரும்பவே இல்லை.

சீரான திசைவேகம் எப்படி இருக்கும் என்று அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள்.

இந்தத் தடவை பாஸ் பண்ணிவிடுவான்.

தூசி அடங்கிய பிறகும் அவள் வாசலிலேயே நின்றிருந்தாள், ஒரு இரண்டு நிமிடம்.