சைக்கிள் விலைச் சக்கரம்

"ஏன்னா, கப்பல் திரிச்சு வந்துடுத்தான்னு யாரையாவது கேட்டேளா?"

வெங்கிடராமன் நனைந்த குடையை வாசலில் சாய்த்தார். மட்டாஞ்சேரி படகுத்துறை வரை போய் வந்திருந்தார். காயலே கடல்போலக் கொந்தளித்தது.

"இல்லை. ஒயர்லெஸ்ஸிலயும் பதில் இல்லையாம்."

விசாலாக்ஷி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். புதிதாகக் கல்யாணமான மகள் நீலாம்பாள் உள்ளே சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அவள் புருஷன் செல்லப்பா அந்தக் கடற்படைக் கப்பலின் எஞ்சின் அறையில் இருந்தான்.

வெங்கிடராமன் கடற்படைப் பட்டறையில் ஃபோர்மன். கப்பலின் எண்ணெய் பம்ப்பில் ஓடும் சீமைப் பல்சக்கரத்தைக் கழற்றி வாங்கி, அளந்து, அதேபோல் இங்கேயே செய்து கொடுத்திருந்தார். பழையதை அவசரத்துக்கென்று கப்பலிலேயே வைத்துக்கொண்டார்கள். நடுக்கடலில் சக்கரம் உடைந்தால் எஞ்சின் நின்றுவிடும். இந்த மழைக்காற்றில் எஞ்சின் நின்ற கப்பல் பாறையில்தான் போய் மோதும்.

"சீமைல வாங்கினா வீட்டு விலை, நம்ம பட்டறைல சைக்கிள் விலைன்னு பெருமை பேசினேளே. சைக்கிளை நம்பி யாராவது கடல்ல எறங்குவாளா?"

"ஆபீசர் என் முதுகுல தட்டின அன்னிக்கு நீயுந்தானே பாயசம் வெச்சே?"

"அப்போ மாப்பிள்ளையை அந்தக் கப்பல்ல போடலை."

தெருவில் ஜீப் சத்தம் கேட்டது. இருவரும் வாசலைப் பார்த்தார்கள். ஜீப் நிற்காமல் போயிற்று.

வெங்கிடராமன் குரலைத் தாழ்த்தினார். "ஆர்ட்டயும் சொல்லாததைச் சொல்றேன், கேளு. நான் செஞ்சது உடையாது. பழசை மாட்டியிருந்தாத்தான் உடைஞ்சிருக்கும். அளக்கறச்சே பார்த்தேன், ஒரு பல்லுக்கடியில மயிரிழை மாதிரி விரிசல். இன்னொரு யாத்திரை தாங்காது. மாதிரிச் சக்கரமே பழுதுன்னா என் நகலைப் பாஸ் பண்ணமாட்டான்னு வாயைத் திறக்கலை. அதனால பேடிக்காதே, பயப்பட ஒண்ணுமில்லை."

விசாலாக்ஷி அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"கெளம்பற அன்னிக்குச் சாப்பிட வந்த மாப்பிள்ளை கையைப் பிடிச்சுண்டு அழுதேன்... உங்களோடதைக் கழட்டிட்டுச் சீமைச் சக்கரத்தையே மாட்டிக்கறேன்னு எனக்குச் சத்தியம் பண்ணிட்டுப் போனார்."