தேறாத பிள்ளைகள்

கல்லூரியின் மேல் வகுப்புக்கான அங்கீகாரம் அந்த வருடத்தோடு முடிகிறது. பரீட்சையில் எல்லோரும் சித்தியடைந்தால்தான் அதைப் புதுப்பிப்பார்கள் என்று அதிபர் கனகசபை நம்பினார்.

"தேறாத பிள்ளையளை இப்பவே நிப்பாட்டுங்கோ, யோகமலர் ரீச்சர். எல்லாம் தோட்டத்துப் பிள்ளையள்தானே."

"இன்னும் கொஞ்சம் சொல்லிக்குடுத்தால் தேறுவினம், சேர்."

"அதுக்கு நேரமில்லை."

யோகமலர் ஹாலிஎலவுக்கு மேலேயிருந்த தேயிலைத் தோட்டத்துக்குப் போய், தனலெட்சுமி தேறமாட்டாள் என்று அவள் தகப்பன் அழகையாவிடம் சொன்னாள். அவர் அடுத்த வாரமே மகளைக் கொழுந்து பறிக்க அனுப்பிவிட்டார்.

பரீட்சை எழுதிய எல்லோரும் சித்தியடைந்தார்கள். ஆனால் கல்வித் திணைக்களத்திலிருந்து பார்வையிட வந்த வித்தியாதரிசி உதட்டைப் பிதுக்கினார்.

"பெறுபேறு திறம்தான். வகுப்பில் ஆட்கள் போதாதே! இப்படியென்றால் மூடவேண்டியதுதான். அடுத்த மாதம் திரும்பவும் வருவேன்."

அதிபர் யோகமலரைக் கூப்பிட்டார். "நிப்பாட்டின பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வாங்கோ."

விஷயத்தைக் கேட்டதும் அழகையாவின் கண்கள் கலங்கின.

"இன்னைக்கே கங்காணிகிட்ட சொல்லி அவ பேரை வெட்டிர்றேங்க. மறுபடி வேலை குடுக்க மாட்டாங்க, பரவாயில்லீங்க. தேறிடுவான்னுதானே நீங்களே தேடி வந்திருக்கீங்க?"

"ஓம்" என்றாள் யோகமலர்.

கல்லூரியிலிருந்து புறப்படும்போது அதிபர் சொன்னது அவள் காதைவிட்டுப் போகவில்லை.

"வித்தியாதரிசி வந்து எண்ணிப்போட்டுப் போனாப்பிறகு, திரும்ப நிப்பாட்டலாம்."