காற்று வளையம்

"பேஷண்ட் வர்றதுக்கு முன்னாடியே வளையம் வந்து உக்காந்துடுச்சா? யாரு வச்சது இதை?"

ஏழாம் கட்டிலின் நடுவில், குழந்தைகள் நீச்சல் பழகும் டியூப் மாதிரி ஒரு காற்று வளையம் கிடந்தது. தலைமை நர்ஸ் அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நான்தான் சிஸ்டர்" என்றாள் கட்டிலருகே நின்ற பெண். "எங்க அம்மாவுக்கு. இடுப்பெலும்பு முறிஞ்சு வேற ஆஸ்பத்திரியில ஆபரேஷன் ஆயிருக்கு. இனிமே ஆறு வாரம் படுக்கைதான். நாளைக்கு எங்கேயாவது மாத்தணும். அதான் இடத்தைப் பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன். படுக்கைப் புண் மட்டும் வந்துடக் கூடாது சிஸ்டர். அம்மா அதுக்குத்தான் ரொம்பப் பயப்படறாங்க."

"நானும் அதுக்குத்தான் சொல்றேன். வளையம் வேண்டாம்."

"கடையில இதுதான் நல்லதுன்னு சொன்னாங்களே?"

"வேண்டாம்னு சொல்லி அனுப்பவா கடை திறந்து வச்சிருக்கார் அவர்?"

"மத்த ஆஸ்பத்திரியில எல்லாம் யாரும் ஒண்ணும் சொல்லலையே. பொறுப்பான பொண்ணுன்னு பாராட்டினாங்க" என்று அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

மாத்திரை எண்ணிக்கொண்டிருந்த சின்ன நர்ஸ் ஓடி வந்து தலைமை நர்ஸின் காதைக் கடித்தாள். "அக்கா, வச்சுட்டுப் போகட்டும், விடுங்க. போன மாசம் வந்த மெமோவே இன்னும் மை காயல. இவங்க வேற மேல போய்ப் புகார் சொன்னா உங்களை வேற வார்டுக்குத் தூக்கி அடிச்சிடுவாங்க."

ஒரு பேஷண்டின் வீட்டாரோடு வாக்குவாதம் செய்தார் என்று வந்த மெமோ அது. இன்னொன்று வந்தால் மாற்றல் நிச்சயம். பத்து வருடமாக அவர் பார்த்துப் பார்த்துச் சீராக்கிய வார்டு இது.

அந்தப் பெண்ணும் விடுவதாயில்லை. "முடிவா சொல்லுங்க. வைக்க முடியுமா, முடியாதா? முடியாதுன்னா நான் பெரிய டாக்டர்கிட்டயே புகார் கொடுத்துக்கறேன்."

"கொடுங்க. ரெண்டாவது மாடி, படியேறினதும் முதல் ரூம். அதுக்கு முன்னாடி கையை நீட்டுங்க."

"எதுக்கு?"

"சும்மா நீட்டுங்கம்மா. ஊசி போட மாட்டேன்."

தலைமை நர்ஸ் பையிலிருந்து ஒரு ரப்பர் பேண்டை எடுத்து, நீட்டிய கையின் ஆள்காட்டி விரலில் இரண்டு சுற்றுச் சுற்றினார். கொஞ்ச நேரத்தில் விரல் நுனி கறுக்கத் தொடங்கியது.

"எப்படி இருக்கு?"

"மரத்துப் போகுது. கழட்டிடுங்க சிஸ்டர்."

"சுத்தி அழுத்தினா நடுவுல ரத்தம் ஓடாது. உங்க வளையமும் இதைத்தான் பண்ணும். ஒரு நிமிஷத்துக்கே உங்க முகம் அஷ்டகோணலாப் போகுது. அம்மா ஆறு வாரம் படுக்கணும்" என்று சொல்லிக்கொண்டே கழற்றிவிட்டார்.

அந்தப் பெண் விரலைத் தேய்த்துக்கொண்டாள். குரல் இறங்கிவிட்டது. "இதெல்லாம் உங்களுக்கு யாரு சொன்னது?"

தலைமை நர்ஸ் படுக்கைத் துணி வைக்கும் அலமாரியைத் திறந்தார். கதவின் உள்பக்கம், பழைய காலண்டர் தாளின் முதுகில், கொட்டை எழுத்தில் நாலே வரி ஒட்டியிருந்தது.

வளையம் வேண்டாம்.
சிவந்த இடத்தைத் தேய்க்காதே.
கெண்டைக்காலுக்குத் தலையணை, குதிகால் மெத்தையில் படக் கூடாது.
டீ வண்டி வந்தால் இடப்பக்கம், மாத்திரை வண்டி வந்தால் வலப்பக்கம்.

"அது என்ன வண்டிக் கணக்கு?"

"ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்கணும்னு ஆராய்ச்சியில எழுதியிருக்கு. இங்க முப்பது கட்டில், மூணு நர்ஸ். கடிகாரத்தைப் பாக்க யாருக்கு நேரம்? வண்டிச் சத்தம் எல்லாருக்கும் கேக்கும்ல? துணி வண்டி, சாப்பாட்டு வண்டி எல்லாத்துக்கும் ஒரு பக்கம் உண்டு. சத்தம் கேட்டா கை தானாத் திருப்பிடும்."

"நீங்களே ஆராய்ச்சி எல்லாம் படிப்பீங்களா?"

"அந்தக் கொடுமையை ஏன் கேக்கறீங்க! யாரோ நர்ஸ் படிப்புக்கு எழுதின ஆராய்ச்சி. லைப்ரரியில தூசு தட்டி எடுத்தோம். நீல அட்டை. பேர் இருந்த இடத்தைக் கரையான் தின்னுடுச்சு. இருநூத்திப் பத்துப் பக்கம்!"

"நீல அட்டையா?"

"ஆமா. புதன்கிழமை டீ நேரத்துல ஆளுக்கு நாலு பக்கமாப் படிச்சு முடிக்க நாலு மாசம் ஆச்சு. முதல் அறுபது பக்கம் விஷயத்துக்கே வரல. நாலு வரியில சொல்ல வேண்டியதுக்கு இந்த நீட்டு நீட்டணுமா? எந்த மகராசி எழுதினாளோ, கையில கிடைச்சா நறுக்குனு நாலு கேள்வி கேக்கணும்!"

அந்தப் பெண்ணுக்குப் பொத்துக்கொண்டு வந்தது சிரிப்பு. அவசரமாக அதை இருமலாக மாற்றிக்கொண்டாள்.

"ஆனா ஒண்ணு" என்றார் தலைமை நர்ஸ். "எழுதியிருக்கற விஷயம் தங்கம். ஒன்றரை வருஷமா இந்த வார்டுல ஒருத்தருக்கும் படுக்கைப் புண் வரல." சொல்லும்போது அவருக்குப் பெருமை தாங்கவில்லை. தாங்க வேண்டிய அவசியமும் இல்லை.

அந்தப் பெண் நாலு வரியையும் செல்போனில் படம் எடுத்துக்கொண்டாள். வளையத்தின் மூடியைப் பிடுங்கினாள். அது புஸ்ஸென்று அடங்கியது.

"அப்போ... புகார்?" என்று சின்ன நர்ஸ் மென்று விழுங்கினாள்.

"புகாரா? ஏழாம் கட்டிலை யாருக்கும் கொடுத்துடாதீங்க. அட்மிஷன் போட்டுட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு வராந்தாவுக்கு வந்த அந்தப் பெண், போனை எடுத்தாள்.

"அம்மா, நீ வச்ச பரீட்சையில மூணாவது ஆஸ்பத்திரி பாஸ்! புகார் பண்ணுவேன்னு மிரட்டியும் வளையத்தை வைக்க விடல. நாளைக்கு இங்கேயே வந்துடலாம். ஆனா, அந்த இருநூத்திப் பத்துப் பக்கத்தை எழுதினது நீதான்னு மட்டும் வாயைத் திறந்துடாதே!"