மூன்றாவது பலகை

"நேத்து மட்டும் முப்பத்தொரு தடவ செத்திருக்கான்க்கா. அத்தனைக்கும் நீங்கதான் காரணமாம்."

இதைச் சொன்னபோது கொத்தனார் முகத்தில் சிரிப்பே இல்லை. அக்கா வெந்நீர்ப் பிளாஸ்க்கை மூடி வைத்தாள்.

கொத்தனார் என்பவன் செங்கல்லைத் தொட்டதே கிடையாது. வீடியோ கேம் ஒன்றில், ஆற்றின் குறுக்கே ஒரு மரப்பாலத்தைக் கம்ப்யூட்டரில் கட்ட மூன்று மாதம் எடுத்துக்கொண்டான். அதனால் ஸ்டுடியோ வைத்த பெயர் அது. ஆடுகிறவர்கள் அந்தப் பாலத்தைத் தாண்ட வேண்டும். தவறி விழுந்து செத்தால் ஒரு படகுக்காரி வருவாள். தூக்கிக் கரையில் போட்டு, இரண்டு வார்த்தை பேசி, மறுபடி உயிரோடு அனுப்பி வைப்பாள். அந்தப் படகுக்காரியின் குரல், அக்காவின் குரல்.

இருபத்தாறு வருஷம் மேடையில் ராணியாகவும் ராட்சசியாகவும் நின்றவள். முழங்கால் மக்கர் பண்ண ஆரம்பித்ததும் மைக் முன்னால் வந்து உட்கார்ந்தாள். முதல் நாள் அவள் வாயைத் திறந்ததும் சவுண்ட்காரர் ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டார்.

"கடைசி வரிசைக்கு எதுக்கும்மா பேசறீங்க? இங்க கேக்கறது ஒரே ஒரு ஆளு. அவன் பக்கத்துல உக்காந்திருக்கான்னு நெனச்சுப் பேசுங்க."

அந்த ஒரு ஆளை மனசுக்குள் பிடித்து உட்கார வைக்க அவளுக்கு ஒரு வாரம் ஆயிற்று. உட்கார வைத்த பிறகு, எழுதிக் கொடுத்ததற்கு மேலேயே பேச்சு வந்தது. விழுந்தா என்ன, ஈரந்தான, தலையத் துவட்டு. மூணாவது பலகை உளுத்துக் கெடக்கு, அதுல கால வைக்காத. சாப்பிட்டியா, சாப்பிட்டு வந்து குதி. இப்படி இருபத்திரண்டு வசனம்.

இப்போது அதில்தான் சிக்கல். கேமை வெளியிடும் முன்னால் கொஞ்சம் பேருக்கு அனுமதி எண் தந்து ஆடிப்பார்க்கக் கொடுத்திருந்தார்கள். ஆடிய எல்லோரும் நாலைந்து தடவை விழுந்து எழுந்து பாலத்தைத் தாண்டிப் போய்விட்டார்கள், ஒருவனைத் தவிர. நூற்று நாற்பதாம் எண்காரன் மூன்று வாரமாக அங்கேயே செத்துக்கொண்டிருந்தான்.

மேலிடம் யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருந்தது. படகுக்காரி வழி சொல்வது புரியவில்லை, நாடகப் பேச்சாக இருக்கிறது, வேறு குரல் போடலாம். அடுத்த பாகம் முழுக்கப் படகுக்காரியின் கதை, ஆறு மாத வேலை. அதை நம்பித்தான் அக்கா நாடகக் குழுவுக்கு இனி வரமாட்டேன் என்று சொல்லியிருந்தாள்.

சவுண்ட்காரர் அவள் பக்கம் நின்றார். வேலை செய்தவர்களுக்கும், எது யாருக்கென்று குறித்து வைக்காமல், ஆளுக்கொரு அனுமதி எண் தந்தார்களே, அதைத் தன் மாமனாருக்குக் கொடுத்ததாகவும், டிவி ரிமோட்டைத் தலைகீழாகப் பிடிக்கிற அந்த மனுஷனே ஆறாவது தடவையில் தாண்டிவிட்டதாகவும் சொன்னார். புரியாமலா தாண்டினார்?

அக்கா தன் எண்ணை, என்ன எண் என்றுகூடப் பார்க்காமல், இரண்டு வருஷமாக வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கு அனுப்பியிருந்தாள். அவன் எங்கே ஆடினான்! போனில் பத்துக் கேள்வி கேட்டால் ஒரு 'ம்' வரும், வேலை இருக்கும்மா வச்சிடறேன் என்பது வரும், அவ்வளவுதான். சாட்சிக்கு அவனும் உதவமாட்டான்.

கடைசியில் சவுண்ட்காரர்தான், அந்த ஆள் எப்படி விழுகிறான் என்று பார்த்துவிடலாமே என்றார். ஆடியதெல்லாம் பதிவாகியிருந்தது. கொத்தனார் ஓட விட்டான்.

திரையில் குட்டி மனிதன் பாலத்தில் ஏறினான். மூன்றாவது பலகையை அழகாகத் தாண்டிக் குதித்தான். விறுவிறுவென்று கடைசிப் பலகைக்கு வந்தான். இன்னும் அரை எட்டு வைத்தால் கரை. அங்கே நின்றான், திரும்பினான், அவசரமே இல்லாமல் ஆற்றில் குதித்தான்.

படகுக்காரி வந்து தூக்கிப் போட்டாள். அவள் பேசி முடிக்கும்வரை கரையில் உட்கார்ந்திருந்தான். எழுந்தான். மறுபடி பாலம், மறுபடி கடைசிப் பலகை, மறுபடி தொபுக்கடீர்.

"வேணும்னே விழறான்," என்றான் கொத்தனார், யாரோ அவன் சொந்த வீட்டுச் சுவரில் கிறுக்கியது போல.

அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பிழைப்பு ஊசலாடும்போது சிரிக்கக் கூடாதே என்று அடக்கிக்கொண்டாள். "அவனையே கேட்டுடு தம்பி. நான் பேசறது புரியலன்னா புரியலன்னு சொல்லட்டும். நானே எந்திரிச்சுப் போயிடறேன்."

கொத்தனார் எழுதிக் கேட்டான். பாலத்தில் என்ன குறை, படகுக்காரி பேசுவது புரிகிறதா, அந்தக் குரலை மாற்றிவிடலாமா?

டீ ஆறுவதற்குள் பதில் வந்துவிட்டது. வாயால் சொல்லியே டைப் அடித்திருக்கிறான் போல. புள்ளி இல்லை, கமா இல்லை. கொத்தனார் மூச்சு வாங்கிக்கொண்டே உரக்கப் படித்தான்.

"பேரு வேணாம் சார் வயசு இருபத்திநாலு ஊர விட்டு வந்து ரெண்டு வருஷம் ஆச்சு உங்க பாலத்துல ஒரு குறையும் இல்ல எல்லாம் நல்லாவே புரியுது தயவுசெஞ்சு அந்தக் குரல மட்டும் மாத்திடாதீங்க சார்..."

திரையை மேலே தள்ளி, மிச்சமிருந்த ஒரு வரியையும் படித்தான்.

"தாண்டிப் போயிட்டா எங்கம்மா பேச மாட்டாங்க."