உச்சிக்குப் போகும் பட்டம்

"பம்பு எங்கேடி? இங்கேதானே வச்சேன்!" உம்மா அலமாரியையே கவிழ்த்துக்கொண்டிருந்தாள். கட்டிலில் குனிந்து உட்கார்ந்திருந்த சுமையாவின் நெஞ்சு விசிலடித்தது. மூத்தவள் ஃபர்ஸானாதான் துணிக் குவியலுக்குள்ளிருந்து இன்ஹேலரை உருவிக் கொடுத்தாள். இரண்டு இழுப்பில் மூச்சு மெல்ல வழிக்கு வந்தது. உம்மா சின்னவளை மடியில் அள்ளிக்கொண்டாள். ஃபர்ஸானா அந்த மடியையே பார்த்துக்கொண்டு நின்றாள். சுமையா பிறந்த நாளிலிருந்து அவளுக்கு அங்கே இடமில்லை. வேண்டுமென்றே இருமிக்கூடப் பார்த்திருக்கிறாள். "போய்த் தண்ணி குடி" என்பதோடு சரி. மூச்சுப் பயிற்சிக்காக டாக்டர் கொடுத்த டேப்லெட் கம்ப்யூட்டர் விளையாட்டும் சின்னவளுக்கு மட்டும்தான். அதோடு இணைத்த குழாயில் ஊதினால் திரையில் பட்டம் ஏறும். உச்சியைத் தொட்டால் மேளம் கொட்டும். மேளம் கேட்டதும் உம்மா அடுப்படியிலிருந்தே கைதட்டுவாள். "என் தங்கம்டி சுமையா!" பட்டம் ஏறிய உயரம் டாக்டரின் கம்ப்யூட்டருக்கும் போய்விடும். போன வாரம் அதைப் பார்த்துத்தான், பிள்ளை தேறிவிட்டாள் என்று தினசரி மருந்தை அவர் நிறுத்தினார்.

சாயங்காலம் உம்மா டேப்லெட்டைக் கட்டிலுக்கே கொண்டுவந்தாள். "தினமும் பட்டம் உச்சிக்குப் போச்சே, பிறகு எப்படி இழுத்துச்சு? எங்கே, என் முன்னாடி ஊது கண்ணு."

ஃபர்ஸானா கதவுப் பக்கம் நகர்ந்தாள். அதற்குள் சுமையா குழாயை அவளிடம் நீட்டிவிட்டாள்.

"எப்பவும் போல நீயே ஊது லாத்தா. இன்னிக்கு உம்மா உன் பக்கத்துல இருந்தே கைதட்டுவாங்க."