பாய்மரம் வைத்த கார்

வீடியோ கேம் பத்திரிகையின் ஆசிரியர் போனை எடுத்தார்.

“சார், பதினாறு வருஷமா உங்க பத்திரிகையை ஒரு வரி விடாம படிக்கிறேன். எழுத்துக் கூட்டவே அதுலதான் பழகினேன். இந்த மாசம் நிறுத்திட்டேன்!”

“நிறுத்தினா நிறுத்துங்க. ஒரு வாசகர் போனா எங்க குடி ஒண்ணும் முழுகிடாது.”

“முழுகிடும் சார்! முன்னெல்லாம் ஆடிப் பாத்து எழுதினீங்க. இப்ப பழைய விமர்சனத்துல பேரை மட்டும் மாத்துறீங்க. பன்னெண்டாம் பக்கம் பாருங்க. கார் ரேஸுக்கு, ‘பாய்மரத்துப் பாய் காற்றில் அழகாக விரிகிறது’ன்னு போட்டிருக்கு. காருக்கு ஏது சார் பாய்மரம்?”

ஆசிரியர் மேசையில் கிடந்த புரூஃபைப் புரட்டினார். போன வருடம் கப்பல் ஆட்டத்துக்கு எழுதிய வரி அப்படியே இருந்தது. இது கடைக்குப் போனால் ஊரே சிரிக்குமே!

சட்டென்று ஒரு சந்தேகம்.

“ஏங்க, புத்தகம் இன்னும் கடைக்கே வரல. நீங்க எப்படிப் படிச்சீங்க?”

“மெஷின்லேர்ந்து இறங்கின மொதத் தாள்ல, சுடச்சுடப் படிச்சேன். உங்க அச்சகத்து மெஷின்மேன் பேசறேன் சார்.”

“ஐயோ! இதுவரைக்கும் எத்தனை ஆயிரம் ஓடிடுச்சு?”

“நல்லாக் கேளுங்க, மெஷின் சத்தம் வருதா? வராது. போனை எடுத்ததுமே சொன்னேனே... நிறுத்திட்டேன்னு!”