பொன்மொழிக்குக் கீழே ஒரு பெயர்

"என்னைத் தாண்டித்தான் இந்தச் சுவர்ல சுண்ணாம்பு படணும்!"

பள்ளிக்கூடச் சுவரில் முதுகை ஒட்டி நின்றுகொண்டார் தையல்காரர். வெள்ளையடிக்க வந்தவன் வாளியைக் கீழே வைத்துவிட்டு, வரலாற்று டீச்சரின் முகத்தைப் பார்த்தான்.

தையல்காரரின் தலைக்கு மேலே கொட்டை எழுத்தில் இருந்தது அந்த வாசகம்: 'நீங்கள் தூங்குங்கள். நான் விழித்திருக்கிறேன்.' அதற்குக் கீழே, போரில் வென்ற ஜெனரலின் பெயர்.

ஆண்டுதோறும் போர் முடிந்த நாள் வந்தால் போதும், தையல்காரர் கடையைச் சாத்திவிட்டு வந்துவிடுவார். அந்த எழுத்துகளுக்குத் தன் கையாலேயே பெயிண்ட் அடிப்பார். ஊர் அவருக்கு வைத்த பெயர், 'ஜெனரல் ஜால்ரா'.

"ஐயா, இதை ஜெனரல் சொல்லவே இல்ல" என்றாள் டீச்சர். "எல்லையில சண்டை நடந்த ராத்திரி, பதுங்குகுழியில நின்னு சொன்னாராம். ஆனா அந்த ராத்திரி அவர் தலைநகர்ல ஒரு கல்யாண விருந்துல இருந்தாரு. பேப்பர்ல போட்டோவே வந்திருக்கு."

"இருந்துட்டுப் போகட்டுமே."

"அதெப்படி? பொய்யைப் பிள்ளைங்க படிக்கணுமா? உங்க ஒரே மகன் அந்தச் சண்டையிலதானே போனான்? அவன் குண்டடி பட்டுக் கிடந்தப்போ பந்தியில உட்கார்ந்திருந்த மனுஷனுக்குப் போய் ஜால்ரா தட்டுறீங்களே, வெட்கமா இல்ல?"

வெள்ளையடிப்பவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

"நீ போய் ஒரு டீ குடிச்சிட்டு வாப்பா" என்றார் தையல்காரர். அவன் தெருமுனை தாண்டும்வரை வாய் திறக்கவில்லை.

"ஜெனரல் சொல்லலைன்னு எனக்குத் தெரியும் டீச்சர். சொன்னது என் பையன்."

டீச்சர் நிமிர்ந்து அந்த வாசகத்தை மறுபடி படித்தாள்.

"வயர்லெஸ்ல அவன் கடைசியாப் பேசினது. காதால கேட்டவனே வீடு தேடி வந்து சொன்னான். சேதி மேல போகப் போக ஆளை மாத்திட்டாங்க. சிப்பாய் சொன்னா அது வெறும் பேச்சு. ஜெனரல் சொன்னாத்தானே பொன்மொழி?"

"அப்போ உங்க மகன் பேரையே போடுவோம் ஐயா. நானே எழுதுறேன்!"

"போட்டுப் பார்த்தாச்சும்மா. பஸ் ஸ்டாண்டுச் சுவர்ல அவன் பேரோட எழுதி வச்சேன். ஒரு வாரம் தாங்கல. மூல வைத்தியர் நோட்டீஸை மேலயே ஒட்டிட்டாங்க. இங்க பாருங்க, இத்தனை வருஷத்துல ஒரு பய நோட்டீஸ் ஒட்டல. ஒருத்தன் ஓரமா ஒதுங்கினதில்ல."

ஜெனரலின் பெயரில் படிந்திருந்த தூசியைத் தோள் துண்டால் துடைத்தார்.

"அன்னைக்கு அவர் விருந்து சாப்பிட என் பையன் காவல் நின்னான். இப்போ என் பையனுக்கு அவர் காவல் நிக்கிறாரு. நிக்கட்டும் டீச்சர்."